பதினைந்தாவது ஈயப்பை

ஜூலா டாலிவருக்கு நாற்காலி மேல் ஏறி நிற்கவே பயம். வீட்டில் திரைச்சீலை மாட்ட வேண்டுமென்றால், ரயில்பாதை வேலைக்குப் போன கணவன் கிளியான் திரும்பி வரும்வரை காத்திருப்பாள். அப்படிப்பட்டவள்தான், ஐயாயிரம் அடி உயரத்தில் ஆண்கள் நம்பிக் குதிப்பதற்கான பாராசூட்டுகளை மூன்று வருடம் மடித்துக் கட்டினாள். ராணுவத்தில் இது விசித்திரமே இல்லை. சமைக்கத் தெரிந்தவனை லாரி ஓட்டச் சொல்வார்கள், லாரி ஓட்டத் தெரிந்தவனை உருளைக்கிழங்கு உரிக்க உட்காரவைப்பார்கள். ஜூலா விஷயத்தில் அந்த ராணுவ மூளை தப்பித் தவறிச் சரியாக வேலை செய்துவிட்டது, அவ்வளவுதான்.

அதற்கு முன் அவள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து ஓப்பலைக்கா ஊரில், கறுப்பர்களின் சவ அடக்க நிலையம் ஒன்றுக்குச் சவ உடை தைத்துக்கொண்டிருந்தாள். சவ உடைக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. பின்னால் இரண்டு நாடா. படுத்திருப்பவர் புரண்டு படுக்கப்போவதில்லை என்பதால் யாரும் குறை சொல்வதில்லை. ஆனாலும் ஜூலா ஒவ்வொரு தையலையும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பாள். ஏன் என்று கேட்டால், சொர்க்கத்தின் வாசலில் நிற்கும்போது பிரிந்துவிட்டால் என்ன செய்வது என்பாள். இது நகைச்சுவை இல்லை. அவள் உண்மையிலேயே அதற்குப் பயந்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் வருடம், உலகப்போரின் நடுவில், கறுப்பு இளைஞர்களைப் போர்விமானிகளாக்க முடியுமா என்று பார்ப்பதற்காக அலபாமாவின் செம்மண்ணில் ராணுவம் ஒரு விமானத்தளம் கட்டியது. முடியாது என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தவர்கள்தான் அதற்கான செலவுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள் என்று ஊரில் பேச்சு. அங்கே பாராசூட் கொட்டகைக்குப் பெண்கள் வேண்டும் என்று தேவாலயத்தில் அறிவித்தார்கள். ஜூலா போனாள். கொட்டகைக்குப் பொறுப்பாளர் சார்ஜென்ட் எம்மெட் கிரம்ப்ளி. குட்டையான மனிதர், தோல் பட்டறையில் வளர்ந்தவர். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"உயரம்னா பயமா?"

"நாற்காலி மேலகூட நிக்கமாட்டேன், சார்ஜென்ட்."

"அப்ப நாளைக்கே வந்துடு. பயப்படாதவங்க மடிச்சது எனக்கு வேணாம்."

கொட்டகையில் நாற்பதடி நீள மேசைகள். அதன் மேல் பட்டுக் குடையை நீட்டிப் படுக்கவைத்து, இருபத்துநான்கு துண்டங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக மடிக்க வேண்டும். மடித்தது வழுக்கிப் போகாமல் இருக்க, மேலே சிறு சிறு ஈயப்பைகளை வைப்பார்கள்: துணிப்பைக்குள் ஈயக் குண்டுகள், ஒவ்வொன்றும் ஒரு நல்ல சர்க்கரைவள்ளிக்கிழங்கு அளவு. மேசைக்குப் பதினைந்து. பொதியை மூடிக் கட்டுவதற்கு முன் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். ஒன்று உள்ளேயே தங்கிவிட்டால், மேலே போனவன் பாராசூட்டைத் திறக்கும் வளையத்தை இழுக்கும்போது பட்டு விரியலாம், விரியாமல் சுருண்டும் போகலாம், கிழிந்தும் போகலாம். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னவர்கள் யாரும் இல்லை.

இதற்காக அந்தப் பெண்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். பொதியை மூடப்போகிறவள் பைகளைத் தொட்டுத் தொட்டு உரக்க எண்ணி, "பதினஞ்சு" என்று கூவுவாள். பக்கத்து மேசைக்காரி வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்துத் தானும் எண்ணி, "பதினஞ்சு" என்று பதில் கொடுப்பாள். பதில் வராமல் யாரும் பொதியை மூடும் ஊசியைத் தொடமாட்டார்கள். நாள் முழுவதும் கொட்டகை அறுவடைக் காலத்துச் சந்தைபோல் இரைந்துகொண்டிருக்கும். ஜூலாவின் பக்கத்து மேசை ஐனீவா மோட்லி. திருமணமாகாதவள், ஊர்வம்பு முழுவதும் அறிந்தவள். "பதினஞ்சு" என்பதையே கேலியாக, கோபமாக, தூக்கக் கலக்கமாக, காதலாக என்று பத்து விதத்தில் சொல்லத் தெரிந்தவள்.

பொதியின் ஓரத்தில் ஒரு சின்னப் பை. அதில் ஓர் அட்டை. அட்டையில் தேதியும் மடித்தவளின் கையெழுத்தும். இரவுகளில் ஜூலாவைத் தூங்கவிடாமல் செய்தது அந்த அட்டைதான். சவ உடையில் யாரும் கையெழுத்துக் கேட்டதில்லை.

நாற்பத்துமூன்று ஜூலையில் வாஷிங்டனிலிருந்து ஒரு குழு வந்தது. நான்கு வெள்ளை அதிகாரிகள், ஒரு எழுத்தர். அவர்கள் எழுதப்போகும் அறிக்கையைப் பொறுத்துத்தான் இந்த விமானிகள் போருக்குப் போவார்களா, அல்லது எல்லோருக்கும் நன்றி சொல்லித் தளத்தையே மூடுவார்களா என்பது. இதைத் தளத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எல்லோரும் ஒரு வாரமாகக் காலணியை மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

காலை பத்தரைக்குக் குழு பாராசூட் கொட்டகைக்குள் நுழைந்தது. மின்விசிறிக் காற்றில் பறக்கும் காகிதங்களைப் பிடித்தபடி ஒரு மேஜர் மேசை மேசையாகப் போனார். ஐனீவா "பதினஞ்சு" என்று கூவியதும் திடுக்கிட்டுத் திரும்பி, இந்தப் பெண்கள் எப்போதும் இப்படித்தான் கத்துவார்களா என்று கேட்டார். கிரம்ப்ளி மேஜரின் முதுகுக்குப் பின்னால் நின்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். கொட்டகை அமைதியானது. ஒன்றரை வருடத்தில் முதல் முறையாக அங்கே மின்விசிறியின் சத்தம் கேட்டது.

அந்த அமைதியில் ஜூலா மூன்று பாராசூட்டுகளை மடித்தாள். மனதுக்குள் எண்ணினாள். ஐனீவாவும் மனதுக்குள் எண்ணியிருப்பாள் என்று நம்பினாள். மேஜர் அவள் தோளருகே வந்து நின்று, "ஏ பொண்ணு, இது எதுக்கு?" என்று ஒரு ஈயப்பையைத் தொட்டுக் கேட்டபோது அவள் சார்ஜென்டைப் பார்த்தாள். பதிலைக் கிரம்ப்ளி சொன்னார்.

குழு வெளியே போனபின், பன்னிரண்டு மணிக்கு மேசையைத் துடைக்கும்போது அவள் பைகளை அடுக்கினாள். பதினான்கு.

மறுபடி அடுக்கினாள். பதினான்கு. மேசைக்கடியில் தவழ்ந்து பார்த்தாள். குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். ஐனீவாவின் மேசையில் பதினைந்து சரியாக இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நான் எண்ணலடி," என்றாள் ஐனீவா மெதுவாக. "நீ எண்ணிருப்பேன்னு இருந்துட்டேன்."

மூன்று பொதிகளில் இரண்டு அலமாரியில் இருந்தன. இரண்டையும் பிரித்தார்கள். மடிப்பு மடிப்பாகக் கையைவிட்டுத் தேடினார்கள். பட்டு மட்டும்தான். மூன்றாவதைக் கால்மணி நேரத்துக்கு முன்தான் லெப்டினன்ட் ஹாலிஸ் கெய்தர் கையெழுத்துப் போட்டு வாங்கிப் போயிருந்தார். ஒரு மணிக்குக் குழுவின் கண்முன்னால் நான்கு விமானங்கள் பறந்து காட்ட வேண்டும். அதில் ஒன்று அவருடையது.

கெய்தரைத் தளத்தில் எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் நெருக்கமில்லை. விரைப்பான மனிதர். சிரித்தால் சட்டையின் கஞ்சி கலைந்துவிடும் என்று ஐனீவா சொல்வாள். ஆனால் சுற்று வட்டாரத்தில் வெள்ளைக்காரர் யாரும் கறுப்புப் பெண்ணுக்குக் கொடுக்காத "மிசஸ்" என்ற மரியாதைச் சொல்லை அவர் கொட்டகையிலிருந்த ஒவ்வொருத்திக்கும் கொடுத்தார், திருமணமாகாத ஐனீவா உட்பட. ஐனீவா அதைத் திருத்தவே இல்லை.

விஷயத்தைக் கேள்விப்பட்டதும் கிரம்ப்ளி கதவைச் சாத்தினார். முகம் சாம்பலாக இருந்தது. குரலை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொண்டு பேசினார். ஒன்றரை வருடத்தில் இந்தத் தளத்தில் எத்தனை பேர் குதித்திருக்கிறார்கள், நான்கு பேர். இன்றைக்கு, இத்தனை பெரிய மனிதர்கள் பார்க்கும்போது, நாற்பது நிமிடத்தில் இறங்கிவிடப்போகிறவர் ஏன் குதிக்கப்போகிறார்? இதைப் போய்ச் சொன்னால் என்ன எழுதுவார்கள் என்று யோசித்துப் பார்.

"நீ வாயத் தொறந்தா கொட்டகை போச்சு. கொட்டகை போனா தளமே போச்சு. எல்லாப் பசங்களும் வீட்டுக்குப் போயிப் பருத்தி எடுக்க வேண்டியதுதான்."

"அவரு குதிச்சா, சார்ஜென்ட்?"

"குதிக்கமாட்டாரு."

"குதிச்சா?"

கிரம்ப்ளி கதவை விட்டு நகர்ந்து நின்றார். அது அனுமதியா, கால் தளர்ந்ததா என்று ஜூலாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

ஓடுபாதைக்குக் கால் மைல் தூரம், அலபாமா ஜூலை வெயிலில் ஓடினாள். ஓடும்போதே பயம் இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் கூடவே ஓடி வந்தது: சொல்லாவிட்டால் ஒருவர் சாகலாம், சொன்னால் எல்லோரும் தோற்கலாம். எதற்கு அதிகம் பயப்படுவது என்று தெரியாததால் கால்கள் தம்பாட்டுக்கு ஓடின.

நான்கு விமானங்களும் எந்திரம் உறும நின்றன. அந்த ரக எந்திரத்துக்குத் தரையில் நிற்கப் பொறுமை கிடையாது. கொஞ்ச நேரத்தில் கொதித்துவிடும். அணைத்தால் அன்றைக்கு மறுபடி கிளப்ப நேரமில்லை. அவள் பின்பக்கமாக ஓடிப்போய், கெய்தரின் விமானத்து இறக்கையைப் பார்த்தாள். மார்பளவு உயரம். நாற்காலியைவிட அதிகம். எப்படி ஏறினாள் என்று பிறகு எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். முழங்காலில் காயம் இருந்ததால் ஏறியது உண்மைதான்.

கெய்தர் திரும்பிப் பார்த்தார். இறக்கையில் ஒரு பெண் நான்கு காலில் தவழ்ந்து வருவதைப் பார்த்தும் அவர் முகம் மாறவில்லை.

"மிசஸ் டாலிவர். இங்க என்ன பண்றீங்க?"

"உங்க பொதிக்குள்ள ஈயப்பை இருக்கலாம், சார்."

"இருக்கலாமா, இருக்கா?"

"தெரியாது சார். மத்த ரெண்டையும் பிரிச்சுப் பாத்துட்டேன். அதுல இல்ல."

அவர் தூரத்துப் பார்வை மேடையைப் பார்த்தார். அங்கே ஒரு தொலைநோக்கி இவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. பிறகு எந்திரச் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார். கடைசியாகத் தான் உட்கார்ந்திருந்த இடத்தைக் குனிந்து பார்த்தார். அந்த ரக விமானத்தில் பாராசூட் பொதிதான் இருக்கை மெத்தை.

"நான் இப்ப எறங்கினா ஏன்னு கேப்பாங்க," என்றார். "நாப்பது நிமிஷம்தானே. நான் குதிக்கப்போறதில்ல. நீங்க எறங்குங்க. பாத்து, பின்பக்கமா."

அவள் இறங்கியதும் கொடி அசைந்தது. நான்கும் போயின.

தீயணைப்பு வண்டியின் பின்னால் அவள் புல்லில் உட்கார்ந்தாள். லான்ஸோ என்ற மெக்கானிக் வானொலிக் கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு அங்கே நின்றிருந்தான். விமானங்கள் ஒழுங்காகத்தான் பறந்தன. திரும்பின, உருண்டன, மேடைக்கு மேலே ஒரே நூலில் கோத்ததுபோல் போயின. இருபது நிமிடம், இருபத்தைந்து நிமிடம். அவள் ஒவ்வொரு நிமிடத்தையும் பதினைந்துவரை எண்ணி எண்ணிக் கழித்தாள். முப்பதாவது நிமிடத்தில், மூன்றாவது விமானத்தின் மூக்கிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு வந்தது. முதலில் மேகம் என்றுதான் நினைத்தாள். பிறகு அது கறுத்தது.

"எந்திரத்தக் குளிரவைக்கிற தண்ணிக் குழாய் போயிடுச்சு," என்றான் லான்ஸோ. "கெய்தர்தான். குதின்னு சொல்றாங்க."

உயரம் இருந்தது. கீழே வெறும் வேர்க்கடலை வயல். குதிப்பதற்கு அதைவிட வசதியான இடம் கிடைக்காது. எந்திரம் இருமியது, நின்றது. திடீரென்று வானத்தில் சத்தமே இல்லை.

"குதி குதின்னு கத்துறாங்க. ஏன் குதிக்கமாட்டேங்குறான் இவன்?"

ஜூலாவுக்கு ஏன் என்று தெரியும். அங்கே இருந்தவர்களில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நின்றுபோன சுழல்விசிறியோடு விமானம் ஒரு பெரிய அரைவட்டம் போட்டுத் திரும்புவதைப் பார்த்தாள். கண்ணை மூடவும் பயம், திறந்திருக்கவும் பயம். அது மரங்களை உரசிக்கொண்டு வந்து, ஓடுபாதையின் விளிம்பில் ஒருமுறை மோதி எழும்பி, மறுபடி மோதி, சக்கரம் முறிந்து, செம்மண்ணில் உழுதுகொண்டே போய் நின்றது. புழுதி அடங்கியபோது கெய்தர் இறக்கையில் நின்றுகொண்டு, முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பார்வை மேடையில் கைதட்டல் எழுந்தது. அந்த நான்கு பேர் அந்தத் தளத்தில் எதற்கும் கைதட்டியது அதுதான் முதல் முறை.

ஒரு மணி நேரம் கழித்து கெய்தர் பொதியைத் தானே சுமந்துகொண்டு கொட்டகைக்கு வந்தார். கிரம்ப்ளியும் ஐனீவாவும் சுவரோரம் நின்றார்கள். ஜூலா பொதியை மேசையில் வைத்து வளையத்தை இழுத்தாள். பட்டு குதித்து வெளியே கொட்டியது. துண்டம் துண்டமாக, இருபத்துநான்கையும், கயிறுகளையும், பொதியின் மூலைகளையும் தடவிப் பார்த்தாள்.

ஒன்றுமில்லை. அவள் மடித்ததிலேயே அவ்வளவு சுத்தமான பாராசூட் வேறு இருந்திருக்காது.

அப்போது கதவைத் தட்டிவிட்டுக் குழுவின் எழுத்தர் உள்ளே வந்தார், வெயிலில் சிவந்துபோன ஓர் இளைஞர். கையில் பதினைந்தாவது ஈயப்பை. மேடையில் காற்று அதிகம், காகிதம் பறக்காமல் வைக்க மேஜர் எடுத்துப் போனாராம். ரொம்ப உபயோகமாக இருந்ததாம். திருப்பித் தரச் சொன்னாராம். நன்றி சொன்னாராம். மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கெய்தர் அந்தப் பையைக் கையில் எடுத்து எடை பார்த்தார்.

"நான் மேல கண்ணாடியத் தெறந்துட்டேன், தெரியுமா," என்றார். "ஒரு கால வெளிய வச்சுட்டேன். அப்பத்தான் நீங்க எறக்கையில தவழ்ந்து வந்தது ஞாபகம் வந்துச்சு. காலை உள்ள இழுத்துக்கிட்டேன்."

"நல்ல பாராசூட்டு சார் அது. குதிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. நான் உங்களக் கொல்லப் பாத்துட்டேன்."

"நீங்க என்ன பண்ணீங்கன்னு எனக்கும் இன்னும் புரியல, மிசஸ் டாலிவர்." பையை மேசையில் வைத்தார். "இனிமே யாரு வந்தாலும் சத்தமா எண்ணுங்க."

அறிக்கை ஆகஸ்டில் வந்தது. கெய்தரின் கோப்பில் அதிலிருந்து ஒரு பத்தியை ஒட்டினார்கள்: பாராசூட் பயன்படுத்தும் வாய்ப்பு இருந்தும், இந்த நீக்ரோ அதிகாரி தன் உயிரைப் பொருட்படுத்தாமல் அரசாங்க விமானத்தைக் காப்பாற்றத் தானாகவே முடிவெடுத்தார்; இவர்களிடம் போருக்குத் தேவையான நிதானம் உண்டு என்பதற்கு இதுவே சான்று. எழுதியவர் அந்த மேஜர். மேடையில் குறிப்பெடுத்தபோது காகிதத்தின் மேல் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியும். என்ன அர்த்தம் என்று தெரியாது. விமானிகள் இத்தாலிக்குப் போனார்கள்.

ஜூலாவின் நிஜமான பயம் அன்றைக்குத்தான் தொடங்கியது. அதுவரை அவள் பயந்ததெல்லாம் பிரிந்துபோகக்கூடிய தையலுக்கு. இப்போது ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும் அவளிடமிருந்த ஒரு நூலில் தொங்கியது. போர் முடிந்ததும் அவள் ஓப்பலைக்காவுக்கு, பின்பக்கம் இல்லாத உடைகளுக்கே திரும்பினாள். கறுப்பர்களின் செய்தித்தாள்களில் கெய்தர் மேஜரானார், கர்னலானார், கொரியாவில் பறந்தார், ஜெர்மனியில் ஒரு தளத்துக்கே தலைவரானார். ஜெனரலுக்குரிய முதல் நட்சத்திரம் கிடைத்தபோது அந்தப் பத்தி அச்சாகியது. இரண்டாவதற்கும் அதே பத்தி. வியட்நாமுக்குப் போகும்போது மூன்றாவது. பத்தி இன்னும் கொஞ்சம் கொழுத்து, எந்திரம் தீப்பற்றி எரிந்ததாகச் சேர்ந்திருந்தது. ஒவ்வொரு முறையும் ஜூலா அதைக் கத்தரித்துப் பைபிளுக்குள் வைத்துவிட்டு, கதவு தாழ்ப்பாளைச் சரிபார்ப்பாள். யாராவது வந்து கேட்பார்கள். உண்மை தெரிந்தால் நட்சத்திரங்களைப் பிடுங்கிவிடுவார்கள். அவரை மட்டுமா, அவரைக் காட்டி உள்ளே போன அத்தனை பையன்களையும் வெளியே அனுப்புவார்கள். கிளியான் இருந்தவரை, ராணுவத்துக்கு வேறு வேலை இல்லையா என்று சிரித்துக்கொண்டிருந்தான். அவனுக்கான சவ உடையைத் தைத்தபோதுகூட அவள் கையை நிறுத்திவிட்டு, வாசலில் வந்து நின்ற கார் யாருடையது என்று பார்த்தாள்.

எழுபத்துநான்கில் ஓர் உறை வந்தது. ஜெனரல் கெய்தர் ஓய்வு பெறுகிறார், விழாவுக்கு அழைப்பு, கூடவே வாஷிங்டனுக்கு விமானச் சீட்டு. ஐனீவாவுக்கும் ஒன்று. ஐனீவா புதுத் தொப்பி வாங்கி, விமானத்தில் போனாள். ஜூலா தன் சீட்டை மடித்துப் பத்திகளோடு வைத்துவிட்டு, பொரித்த கோழியையும் அவித்த முட்டையையும் ஒரு செருப்பு அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டு, ஒரு பகலும் ஓர் இரவும் பஸ்ஸில் போனாள்.

மூன்றாவது வரிசையில் இடம் கொடுத்தார்கள். முதலில் ஒருவர் அந்தப் பத்தியை வாசித்தார். பாராசூட் பயன்படுத்தும் வாய்ப்பு இருந்தும் என்ற இடத்தில் ஐனீவா அவள் விலாவில் இடித்தாள். பிறகு கெய்தர் எழுந்தார். முடி வெளுத்திருந்தது, சட்டையில் கஞ்சி அப்படியே. ஒலிவாங்கியைச் சரிசெய்தார்.

"இப்ப வாசிச்சது தப்பு," என்றார்.

ஜூலாவின் கைகள் மடியில் எதையோ தேடின. முப்பத்தொரு வருடமாக இந்த வாக்கியத்துக்காகத்தான் அவள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே போகும் கதவு எங்கே என்று பார்த்தாள்.

"நான் குதிக்கத்தான் பாத்தேன். காலை வெளிய வச்சுட்டேன். குதிக்க முடியல. பயம். வேற ஒண்ணுமில்ல."

பிறகு மண்டபம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. இவ்வளவு அடக்கமான மனிதரைப் பார்த்ததே இல்லை என்று முன்வரிசையில் ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கெய்தர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் உட்கார்ந்தார்.

விழா முடிந்து, கூட்டம் கலைந்தபின் அவர் மூன்றாவது வரிசைக்கு வந்தார். ஜூலா இன்னும் எழுந்திருக்கவில்லை.

"ஏன் சார் சொன்னீங்க? என் உசுரே போயிடுச்சு."

"எனக்கும் பாதி போயிடுச்சு, மிசஸ் டாலிவர். முப்பது வருஷமா இதச் சொன்னா என்ன ஆகுமோன்னுதான் நானும் பயந்துட்டிருந்தேன்." மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஒண்ணுமே ஆகலியே. யாரும் நம்பவே இல்ல."

"நான் வந்து சொன்னத நீங்க சொல்லலியே."

"அது உங்க கணக்கு. நான் ஏன் சொல்லணும்?"

அவள் மெதுவாக எழுந்தாள். பயம் அங்கேயே இருந்தது, பழகிய இடத்தில்; ஆனால் எதற்கு என்று அதற்கே இப்போது தெரியவில்லை. திரும்பிப் போகவாவது விமானத்தில் போகலாமே, ஏற்பாடு செய்கிறேன் என்றார் கெய்தர்.

"அதுல ஏறினா பாராசூட்டு குடுப்பாங்களா, சார்?"

"மாட்டாங்க."

"அப்ப பஸ்ஸே போதும்."

மூன்று நட்சத்திர ஜெனரல் ஒருவர் செருப்பு அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம்வரை நடந்து வந்ததை அன்று மாலை சிலர் பார்த்தார்கள். பெட்டியில் எஞ்சியிருந்தது இரண்டு முட்டை. ஏறும்போது அவள் அதை வாங்கி, திறந்து, எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.